ஓடினால் குழந்தைக்குக் குணமாகிவிடுமா? நேராகப் பணம் கொடுத்தால் போதாதா?

பிப்ரவரி 1 (கேட்டவர் எழுதியது)

"நோயுற்ற குழந்தையின் சிகிச்சைக்காக ஓடுகிறேன், பணம் தாருங்கள்" என்று வாரத்துக்கு ஒருவர் கிளம்பிவிடுகிறார். பதிவுக் கட்டணம், புதுக் காலணி, கையில் கட்டும் கடிகாரம், இதற்கெல்லாம் செலவழிக்கும் காசை நேராக அந்தக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கலாமே. இவர் ஓடுவதற்கும் அந்தக் குழந்தை பிழைப்பதற்கும் என்ன சம்பந்தம்? கிண்டலாகக் கேட்கவில்லை, யாராவது விளக்குங்கள்.

பிப்ரவரி 2, இரவு 11.40

கிண்டலாகத்தான் கேட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை. வாரத்துக்கு ஒருவர் என்றீர்களே, இந்த வாரத்து ஆள் நான்தான்.

என் தங்கை மகளுக்கு ஆறு வயது. மூன்று வாரத்துக்கு முன்னால் ரத்தப் புற்றுநோய் என்று உறுதியானது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை, டாக்டர்கள் ஏ.எல்.எல். என்கிறார்கள். சிகிச்சை உண்டு, நன்றாகவே கேட்கும் என்றார்கள், இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார்கள். அந்த இரண்டு வருடத்துக்கான பணம் எங்கள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்து உலுக்கினாலும் விழாது.

சரி, கேட்க வேண்டியதுதானே என்று போனை எடுத்தேன். பழைய நண்பன் ஒருவன், பேசி நான்கு வருடமாகிறது. "எப்படிடா இருக்கே" என்றேன், அவன் பெண்ணின் படிப்பைப் பற்றிக் கேட்டேன், வீட்டுக் கடனைப் பற்றிக் கேட்டேன், பத்து நிமிடம் போனது, "சரி அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுத்த ஆளிடமும் அப்படியே. பணம் வேண்டும் என்கிற வார்த்தை தொண்டைக்கு மேலே வரவேயில்லை. மூன்றாவது ஆளிடம், எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல், "நான் அரை மராத்தான் ஓடப் போறேன்" என்றேன். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நீயா? மாடிப்படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்குமே!" என்றான். எதற்கு ஓடுகிறாய் என்று அவனே கேட்டான். சொன்னேன். சிரிப்பு நின்றது. மறுநாள் காலையில் பணம் வந்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். என் கால் பணத்தைக் கொண்டுவருவதில்லை, வாயைத் திறக்க வைக்கிறது.

பிப்ரவரி 3

நேற்று கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். இன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதிவுக் கட்டணம், காலணி இரண்டும் சேர்ந்தால் இதுவரை வந்த நன்கொடையில் மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் சொன்னதில் பாதி சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஓடுவதற்கான செலவு முழுக்க என் சம்பளத்திலிருந்து. திரட்டும் பணத்தில் ஒரு பைசா என் காலுக்குப் போகாது. கடிகாரம் வாங்கப் போவதில்லை, சுவரில் மாட்டியிருப்பதே போதும், கிளம்பும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். காலணி மட்டும் வேண்டும். பழையதைப் போட்டுக்கொண்டு ஓடினால் முழங்காலுக்கு ஒரு தனி நிதி திரட்ட வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 9

பயிற்சி எப்படிப் போகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். முதல் நாள் தொடர்ந்து ஓடியது மூன்று நிமிடம். ஓடி முடித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, நடைப் பயிற்சிக்கு வந்த ஒரு தாத்தா "தம்பி, உக்காருங்க" என்றார்.

ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மாற்றிச் செய்கிறேன். மொத்தம் பதினாறு வாரம், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் நீண்ட தூரம், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது, கடைசி இரண்டு வாரம் குறைப்பது. இதுதான் திட்டம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தைத் தாண்டக் கூடாதாம். தனியாக ஓடுகிற நான் யாரிடம் பேசுவது? வாய்விட்டு எண்களை எண்ணிக்கொண்டு ஓடுகிறேன், நாய்கள் குரைக்கின்றன.

பிப்ரவரி 11

கேட்டவர் மறுபடி வந்து, "சரி, உங்களுக்குக் கூச்சம் போக ஓட்டம் தேவைப்பட்டது, கொடுப்பவருக்கு எதற்கு? நீங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டே கேட்டாலும் அவர் கொடுத்திருப்பாரே" என்கிறார். நல்ல கேள்வி. தேடிப் படித்தேன்.

2013-இல் ஒலிவோலா, ஷாஃபிர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஒரே நற்காரியத்துக்கு ஒரு பக்கம் ஜாலியான விருந்து, இன்னொரு பக்கம் கஷ்டப்பட்டு ஓட்டம். எதற்கு அதிகம் கொடுப்பீர்கள் என்றால், வலியும் உழைப்பும் இருக்கிற பக்கம்தான் மக்கள் கூடுதலாகக் கொடுக்கத் தயாராகிறார்கள். தியாகி விளைவு என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நம் ஊர் ஆட்களுக்கு ஆய்வு தேவையில்லை, வேண்டுதல் என்றாலே உடம்பை வருத்துவது என்று வழிவழியாகத் தெரியும்.

படித்ததும் சந்தோஷமாக இருந்தது, பிறகு கொஞ்சம் கசந்தது. வலியைப் பார்த்தால்தான் கை பைக்குப் போகும் என்றால், வலி ஏற்கெனவே அங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறதே. அது போதாமல் என் முழங்கால் வலியும் வேண்டுமா? தெரியவில்லை. ஒருவேளை அந்த வலியைப் பார்க்க முடியாமல்தான் இந்த வலியைப் பார்க்கிறார்களோ என்னவோ. என்னுடையது பயமில்லாமல் சிரித்துக்கொண்டே பார்க்கக்கூடிய வலி.

பிப்ரவரி 17

ஒரு தப்பு செய்துவிட்டேன். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நன்கொடைப் பக்கத்தில் முதலில் அவள் பழைய படம் இருந்தது, தலை நிறைய முடியோடு ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பாள். நான்கு நாளாக ஒரு பைசா வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு முடி கொட்டியது. மொட்டைத் தலையும் மூக்கில் டேப்புமாகத் தூங்கும் படம் ஒன்று என் போனில் இருந்தது. அதை ஏற்றினேன். அன்று மாலைக்குள் நான்கு நாளில் வராதது வந்தது. தங்கையிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

தங்கை வேலை பார்க்கும் இடத்தில் யாரோ அதைத் தங்கைக்கே அனுப்பி, "பாவம்" என்று எழுதியிருக்கிறார்கள். போன் அப்போது குழந்தை கையில் இருந்தது. அவளுக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். என்னிடம் கோபப்படவில்லை. "மாமா, தொப்பி போட்ட படம் உங்ககிட்ட இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

ராத்திரியே எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பயன், அதற்குள் எத்தனை குழுக்களுக்குப் போனதோ. இப்போது பக்கத்தில் இருப்பது ஒரு மஞ்சள் தொப்பி, நாற்காலி முனையில் மாட்டியிருக்கிறது. அவளே தேர்ந்தெடுத்தாள். பெயரையும் எடுத்துவிட்டு "என் தங்கை மகள்" என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 18

படத்தை எடுத்ததும் வரவு நின்றுவிட்டதா என்று கேட்கிறீர்கள். ஆமாம், மூன்று நாளாக எதுவும் இல்லை. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 22

பெயரும் முகமும் இல்லாமல் யார் நம்புவார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்காக ஒரு பழைய கதை, படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியம்.

1948 மே 22. அமெரிக்காவில் பாஸ்டன் ஆஸ்பத்திரியில் புற்றுநோயோடு 12 வயதுப் பையன் ஒருவன். ஒரு வானொலி நிகழ்ச்சியில் அவன் படுக்கைக்கே நேரலை போட்டார்கள். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் அணியின் வீரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்தார்கள். குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 20,000 டாலருக்கு மேல் சேர்ந்தால், ஆட்டத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி தருவோம் என்று கேட்டார்கள். வந்ததோ இரண்டு லட்சம் டாலருக்கு மேல். அந்தப் பையனை ஜிம்மி என்றே சொன்னார்கள், அது அவன் பெயரே இல்லை. அடையாளம் தெரியக் கூடாது என்று அவனுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் ஃபார்பர் தரப்பில் வைத்த பெயர். வானொலி என்பதால் முகமும் கிடையாது. ஜிம்மி நிதி இன்றைக்கும் அந்தப் பெயரிலேயே நடக்கிறது.

கதையில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஜிம்மி இறந்திருப்பான் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1998-இல் ஐனார் குஸ்டாஃப்சன் என்ற லாரி ஓட்டுநர், 60 வயதைத் தாண்டியவர், அந்த ஜிம்மி நான்தான் என்று வெளியே வந்தார். ஐம்பது வருடம் அவர் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அத்தனை வருடமும் அடையாளம் தெரியாமல் வாழ முடிந்தது அவருக்கு. என் தங்கை மகளுக்கும் அந்த வாய்ப்பு இருக்க வேண்டும். நான் பாதியைக் கெடுத்துவிட்டேன், மீதியாவது இருக்கட்டும்.

சந்தேகப்படுபவர்களுக்கு: ஆஸ்பத்திரியின் செலவு மதிப்பீட்டுக் கடிதத்தில் பெயரை மறைத்துவிட்டுப் போட்டிருக்கிறேன். பணம் எங்கள் கணக்குக்கு வராது, ஆஸ்பத்திரிக் கணக்குக்கே போகும். முகத்தைவிட இதுவே பெரிய சாட்சி என்று நினைக்கிறேன்.

மார்ச் 1

நல்ல செய்தி. முதல் கட்டம் முடிந்து எலும்பு மஜ்ஜை பார்த்தார்கள், ரெமிஷன் என்று சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 8

நல்ல செய்தி சொன்னதுதான் தப்பாகிவிட்டது. "குணமாயிடுச்சாமே, வாழ்த்துகள்!" என்று 31 செய்திகள். நன்கொடை பூஜ்யம். மாதாமாதம் தருகிறேன் என்ற ஒருவர் "இனி தேவைப்படாது இல்லையா" என்று கேட்டு நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, எனக்கே ஜனவரியில் யாராவது சொல்லியிருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ரெமிஷன் என்றால் சோதனையில் நோய் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள், போய்விட்டது என்று பொருளில்லை. இந்த நோயில் முதல் மாதத்திலேயே பெரும்பாலான குழந்தைகள் அந்த நிலைக்கு வந்துவிடுவார்கள். அங்கேயே மருந்தை நிறுத்தினால் திரும்பி வரும். மேலே சொன்ன டாக்டர் ஃபார்பர் 1947-48-இல் முதன்முதலில் அமினோப்டரின் என்ற மருந்தைக் கொடுத்து 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் கண்டபோது, அது தாற்காலிகமாகத்தான் நின்றது. அதற்குப் பிறகு பல மருந்துகளைச் சேர்த்து, கட்டம் கட்டமாக, வருடக் கணக்கில் கொடுத்துப் பார்த்துத்தான் இன்று வசதியுள்ள நாடுகளில் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் பிழைக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். அந்த வருடக் கணக்குக்குத்தான் நான் பணம் கேட்கிறேன். அடுத்த ஆறேழு மாதம் தீவிரமாக, பிறகு தினமும் மாத்திரை, வாரம் ஒரு முறை இன்னொரு மாத்திரை, நடுநடுவே முதுகுத்தண்டில் ஊசி.

ஓடுகிறவன் பாஷையில் சொன்னால், 21 கிலோமீட்டரில் முதல் கிலோமீட்டர் முடிந்திருக்கிறது, கூட்டம் கைதட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. (இந்த உவமை எழுதி முடித்ததும் எனக்கே கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. இருக்கட்டும்.)

மார்ச் 9

ஒரு நண்பர் யோசனைப்படி பக்கத்தில் ஒரே தொகை என்பதை மாற்றி, "இந்த மாதத்துக்கு இவ்வளவு" என்று பிரித்துப் போட்டிருக்கிறேன். மலைபோல ஒரு எண்ணைக் காட்டினால் "நான் கொடுக்கிறது எந்த மூலைக்கு" என்று போய்விடுகிறார்கள்.

மார்ச் 27

ஓட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போது டெர்ரி ஃபாக்ஸைச் சொல்லாமல் விட்டீர்களே என்று ஒருவர் கோபித்திருக்கிறார். வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். எலும்புப் புற்றுநோயால் ஒரு கால் போய், செயற்கைக் காலோடு கனடாவுக்குக் குறுக்கே தினமும் கிட்டத்தட்ட ஒரு மராத்தான் ஓடிய ஆளை என்னோடு ஒரே பக்கத்தில் வைக்கக் கூச்சம்.

ஆனால் அவர் கதையில் என் கட்சிக்கு வலுவான சாட்சி இருக்கிறது. 1980 ஏப்ரல் 12-இல் கிளம்பினார். தொடக்கத்தில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. போர்ட் ஓ பாஸ்க் என்ற சின்ன ஊர், மக்கள்தொகை சுமார் 10,000, அங்கே 10,000 டாலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். நாட்டில் தலைக்கு ஒரு டாலர் என்ற எண்ணத்துக்கு அந்த ஊர் பெரிய தெம்பு. பிறகு கியூபெக் மாகாணம், அங்கே பெரும்பாலோர் பேசுவது பிரெஞ்சு, இவர் எதற்கு ஓடுகிறார் என்றே பலருக்குத் தெரியவில்லை, வரவு மிகக் குறைவு. ஒன்டாரியோவுக்குள் நுழைந்ததும் புற்றுநோய்ச் சங்கத்துக்காரர்கள் ஊருக்கு ஊர் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள், ஜனவெள்ளம். மூன்று இடத்திலும் அதே கால், அதே வலி, அதே 42 கிலோமீட்டர். வித்தியாசம், யார் எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான்.

143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1-இல் தண்டர் பே ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார், நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஓட்டம் நின்ற பிறகுதான் பெரும் பணம் வந்தது, 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலரைத் தாண்டி, தலைக்கு ஒரு டாலர் என்ற கணக்கு நிறைவேறியது. அந்த ஜூன் மாதம் இறந்தார், 22 வயது. இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன், படித்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 10

காலில் முன்னெலும்பு ஓரமாக வலி. கீழே அழுத்தினால் உயிர் போகிறது. ஆர்வக்கோளாறில் ஒரே வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கியதன் பலன். பத்து நாள் ஓட்டமில்லை, ஐஸ்தான்.

அவளிடம் சொன்னேன். "எனக்கும் கால் சரியில்லை மாமா" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. வின்கிறிஸ்டின் என்ற மருந்து நரம்பைக் கொஞ்சம் பதம் பார்க்குமாம். அவள் நடந்தால் பாதம் முன்பக்கமாகத் தொங்கி, தரையில் தட்தட்டென்று அடிக்கிறது. குதிகாலால் மட்டும் நடந்து பழகச் சொல்லியிருக்கிறார்கள். அறை வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை போய்த் திரும்பினால் ஒரு சுற்று, ஒரு கையில் சலைன் கம்பி, மறு கையில் என் விரல். நேற்று ஏழு சுற்று. கடைசிச் சுற்றில் நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு "மாமா, குதிகால்!" என்று அதட்டினாள்.

ஏப்ரல் 12

திருத்தம். பிப்ரவரியில் யாரோ கேட்டதற்கு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்கு வாங்குங்கள், அது ஜோராக வேலை செய்யும் என்று நான் சொல்லியிருந்தேன். அதைக் கேட்காதீர்கள். கால் போனதும்தான் புத்தி வந்தது. நான் 12-ஆவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டால் மீதி ஒன்பது கிலோமீட்டருக்கான மருந்தை யார் தருவது? வலியோடு இழுத்துக்கொண்டு ஓடத் தோன்றும், அது இன்னும் மோசம். வாக்கு தந்தவர்களிடம் பேசி ஒரே தொகையாக மாற்றிவிட்டேன், முன்கூட்டியே தந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் மாட்டேன் என்கிறார், "ஓடிக் காட்டு" என்கிறார். என் மைத்துனர். வேறு யார்.

மே 3

அடுத்ததாக இதில் இறங்கப் போகும் ஒருவர் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அவசரமாகச் சில.

முதலில் கேட்க வேண்டியது மிக நெருங்கியவர்களை, அதுவும் தாராளமாகக் கொடுக்கக்கூடியவர்களை. பின்னால் வருபவர் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் தன் தொகையை முடிவு செய்கிறார். லண்டன் மராத்தான் நன்கொடைப் பக்கங்களை வைத்துப் பொருளாதாரக்காரர்கள் ஆய்வே செய்து இதைக் காட்டியிருக்கிறார்கள். நான் தெரியாமல் அலுவலகப் பையன்களிடம் முதலில் கேட்டு, பட்டியல் தலையில் சின்னச் சின்னத் தொகையாக நின்றுவிட்டது. பாவம், மாதக் கடைசியில் கொடுத்தார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நன்கொடைத் தளம் எத்தனை சதவீதம் பிடிக்கிறது, கார்டு கட்டணம் எவ்வளவு, "எங்களுக்கும் கொஞ்சம் தாருங்கள்" என்று தானாகவே டிக் அடித்து ஒரு கட்டம் இருக்கிறதா, இதையெல்லாம் பக்கம் திறக்கும் முன்பே பாருங்கள். நான் பிறகுதான் பார்த்தேன்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமானது. பணம் மிஞ்சினால் எங்கே போகும் என்று முதல் நாளே எழுதிவையுங்கள். எதனால் மிஞ்சும் என்று உங்களுக்கே புரியும். தங்கை அந்த வரியை எழுதவிடவில்லை, மச்சான்தான் (தங்கை கணவர்) ராத்திரி போன் செய்து "எழுதிடுங்க" என்றார். அதே வார்டில் வேறு குழந்தைக்கு என்று எழுதினேன்.

மே 24, இரவு

நாளைக்கு ஓட்டம். எண் அட்டை வந்துவிட்டது. பின்பக்கம் திருப்பினால் பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர். ஓட முடியாதவர்கள் அட்டையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறார்களே, அது ஏன் கூடாது என்று இப்போதுதான் புரிந்தது. நீங்கள் மயங்கி விழுந்தால் வேறு யாரோ ஒருவரின் ரத்த வகையும் வேறு யாரோ ஒருவரின் மனைவியும் வருவார்கள்.

அவசரத்துக்கு யார் என்ற இடத்தில் வழக்கமாகத் தங்கை எண்ணைத்தான் எழுதுவேன். இந்தத் தடவை மைத்துனர் எண். ஓடிக் காட்டு என்றாரே, வரட்டும்.

மே 25, மதியம் 1.15

முடித்துவிட்டேன். 2 மணி 53 நிமிடம். நகம் ஒன்று கறுத்துவிட்டது. தூங்கப் போகிறேன்.

மே 27

விவரம் கேட்டீர்கள். முதல் ஐந்து கிலோமீட்டர் கூட்டத்தோடு கூட்டமாகத் திட்டத்தைவிட வேகமாக ஓடினேன், எல்லா முதல்முறைக்காரர்களும் செய்கிற அதே முட்டாள்தனம். ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நின்று இரண்டு குவளை குடித்தேன், தாகமே இல்லாமல். 11-ஆவது கிலோமீட்டரில் வயிறு குலுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் ஓடிய பெண்மணி ஒருவர், பல வருட அனுபவசாலி, "தாகம் எடுத்தா மட்டும் குடிங்க" என்றார். வீட்டுக்கு வந்து படித்தால், 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்து போயிருந்தது. தண்ணீர் போதாமல் அல்ல, கூடிப்போய். அதிலும் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு வழியெல்லாம் குடிக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதாவது என்னைப் போல நற்காரியத்துக்கு ஓடுகிற ஆமைகளுக்கு.

17-க்குப் பிறகு ஓடவில்லை, நடந்தேன், இடையிடையே ஓடுவதுபோல நடந்தேன். அவளை நினைத்துக்கொண்டு ஓடினீர்களா என்று ஒருவர் உருகியிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இல்லை. தொடை உரசி எரிந்தது, அதை மட்டும் நினைத்தேன். வாஸலின் களிம்பு தடவ மறந்த இடம் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. கடைசிக் கிலோமீட்டரில் மட்டும் கால் இழுத்தபோது "குதிகால், குதிகால்" என்று வாய் முணுமுணுத்தது, அது தானாக வந்தது.

மைத்துனர் முடிவுக் கோட்டில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்துக் காட்டினார், சொன்ன தொகையைப் போல இரண்டு மடங்கு அனுப்பியிருந்தார்.

ஜூன் 6

மெடலை இன்னும் அவளிடம் கொடுக்க முடியவில்லை. ஓட்டம் முடிந்த மூன்றாம் நாள் எனக்குச் சளி, இருமல். அவளுக்கு இப்போது வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்ற நிலைமை. பக்கத்தில் போக முடியுமா? மெடலை சானிடைசரால் துடைத்து, துணி ரிப்பனைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் பையில் போட்டு மச்சானிடம் கொடுத்தனுப்பினேன்.

வீடியோவில் பேசினாள்.

"எத்தனையாவது வந்தீங்க?"

"4,312."

"மொத்தம் எத்தனை பேர்?"

"4,600 சொச்சம்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அதுக்கு எதுக்கு மெடல்?"

ஜூன் 7

அதைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள் சிலர் பணமும் அனுப்பியிருக்கிறார்கள். அவளிடம் சொன்னேன், தன் பங்கு எவ்வளவு என்கிறாள்.

ஜூலை 15

வேறொருவர் கேட்டது: ஒரு குழந்தைக்கு தசைநார் நோய், எஸ்.எம்.ஏ., மரபணு மருந்து ஒரே ஊசி, ஆனால் விலை மலை. ஓடித் திரட்ட முடியுமா? அந்த மருந்துக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது அறிவித்த விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர், அதுவும் இரண்டு வயதுக்குள் போட வேண்டும் என்ற அனுமதி. ஒருவர் ஓடி அந்தத் தொகையை எட்ட முடியாது, பொய் நம்பிக்கை தர மாட்டேன். அங்கே முதலில் டாக்டரிடம் வேறு மருந்துகள், நிறுவனத்தின் உதவித் திட்டம், அரசு வழி இவற்றைக் கேளுங்கள், ஓட்டம் அதற்கு அப்புறம். வயது ஓடிக்கொண்டிருக்கும்போது நாம் பயிற்சிக்குப் பதினாறு வாரம் எடுத்துக்கொள்ள முடியாது.

அக்டோபர் 4

நீண்ட நாளாக எழுதவில்லை. அவள் மாத்திரைக் கட்டத்துக்கு வந்துவிட்டாள், முடி முளைத்திருக்கிறது, முன்பைவிடச் சுருட்டையாக. பள்ளிக்கு வாரம் இரண்டு நாள்.

கணக்கு: மொத்தத் தேவையில் 58 சதவீதம் வந்தது. ஓட்டத்துக்கு முன்பே 41, ஓட்டத்தன்று 5, பின்னால் 12. ஓட்டத்தன்று வந்தது மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள், நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. மீதிக்குக் கொஞ்சம் கடன், கொஞ்சம் தங்கையின் நகை.

நன்கொடைப் பக்கத்தை மூடிவிட்டேன். சதவீதம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அக்டோபர் 5

முதல் கேள்வியைக் கேட்டவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். எட்டு மாதமாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறாராம், பணம் அனுப்ப வேண்டும், பக்கம் திறக்கவில்லை என்கிறார். அவர் அனுமதியோடு இங்கே பதில் எழுதுகிறேன், வேறு சிலரும் கேட்டிருப்பதால்.

ஐயா, நீங்கள் பிப்ரவரியில் சொன்ன வழிதான் இப்போது இருக்கிறது. நேராகக் கொடுப்பது. ஆஸ்பத்திரிக் கணக்கு விவரத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அனுப்பும்போது குறிப்பு என்ற கட்டத்தில் நோயாளி எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள், போன மாதம் ஒருவர் அதை விட்டுவிட்டு "குழந்தைக்கு" என்று மட்டும் எழுதிவிட்டார், எந்தக் குழந்தைக்கு என்று தெரியாமல் ஒன்பது நாள் பணம் அப்படியே நின்றது. ரசீது வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.